கைநாட்டும் கையெழுத்தும்

பிசாரோவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

தென் அமெரிக்காவில் இன்கா பேரரசைப் பிடித்த ஸ்பானியர், அதே பிசாரோதான். 1532 நவம்பரில் கஹமார்காவில் மன்னர் அதாவால்பாவைச் சிறைபிடித்து, விடுதலைக்கு விலையாக ஓர் அறை நிறையத் தங்கம் வாங்கிக்கொண்டு, வாங்கிய பிறகும் அவரைக் கொன்ற ஆள். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஆளுநர் ஆகிவிட்டார், தினம் பத்துக் காகிதம் வரும், என்ன செய்வது? இடப்பக்கம் ஒரு சுழி, வலப்பக்கம் ஒரு சுழி கிறுக்கிவிடுவார். நடுவில் விட்ட இடத்தில் அவருடைய எழுத்தர் ‘பிரான்சிஸ்கோ பிசாரோ’ என்று பெயரை நிரப்புவார். நம்ம பாஷையில் சொன்னால் கைநாட்டு.

நான் ஒரு வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக் காலம் காசோலையில் இருக்கும் கையெழுத்தையும் மாதிரிக் கையெழுத்து அட்டையையும் மாறி மாறிப் பார்த்தே கழிந்தது. அதனால் இந்த இரண்டு சுழி விஷயத்தைப் படித்ததும் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். கூடவே இன்னொன்றும் தோன்றியது. எழுதத் தெரியாத ஒருவரைப் பற்றி, அவரைச் சுற்றி இருந்தவர்கள் எழுதிய காகிதங்களை மட்டும் வைத்து, ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்க ஆராய்ச்சி செய்திருக்கிறார் என்றால் அவருக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும்!

அந்த மனிதர் பெயர் ராவுல் பொர்ராஸ் பாரெனெசேயா. பெரு நாட்டுக்காரர். வரலாற்று ஆசிரியர், பள்ளி வாத்தியார், கல்லூரிப் பேராசிரியர், தூதர், கடைசியில் வெளியுறவு அமைச்சர். 2025 ஏப்ரலில் பெருவின் நாவலாசிரியர் மரியோ வர்காஸ் யோசா இறந்தபோது அவரைப் பற்றி வந்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன், அவருடைய இளமைக் காலம் பற்றிய பகுதி வரும்போதெல்லாம் இந்தப் பெயர் எட்டிப் பார்த்தது. சரி, யார் இவர் என்று போனவன் மூன்று மாதம் அங்கேயே கிடந்தேன். ஸ்பானிஷ் எனக்கு அரைகுறைதான். மொழிபெயர்ப்புச் செயலியும் அகராதியும் கையுமாக உட்கார்ந்து வாசித்ததில் தேறியது இது.

1897 மார்ச்சில் பிஸ்கோ என்ற கடற்கரை ஊரில் பிறந்தார். தாய்வழித் தாத்தா வெளியுறவு அமைச்சராக இருந்தவர், ஆகவே ராஜதந்திரம் குடும்பத்திலேயே இருந்தது. அப்பா? ராவுல் சின்னக் குழந்தையாக இருக்கும்போதே ஒரு துவந்த யுத்தத்தில் செத்துப்போனார். நிஜமான துவந்த யுத்தம்தான், மானம் போய்விட்டது என்று ஒருவரை ஒருவர் சவாலுக்கு அழைத்துச் சண்டை போடும் வழக்கம் அந்த ஊர்ப் பெரிய மனிதர்களிடம் அப்போது இன்னும் இருந்தது. மகன் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கடைசிவரை அம்மாவோடும் புத்தகங்களோடும் இருந்துவிட்டார்.

தலைநகர் லிமாவில் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தில் படித்தார். 1551இல் தொடங்கியது அது, தென் அமெரிக்காவின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று பெருக்காரர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். 1919இல் அங்கே மாணவர்கள் சிலர் சேர்ந்து ‘பல்கலைக்கழக உரையாடல்’ என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். பெருவின் சுதந்திரத்துக்கு 1921இல் நூற்றாண்டு வரப்போகிறதே, ஆளுக்கு ஒரு தலைப்பை எடுத்து அந்தக் காலத்தைத் துருவிப் பார்ப்போம் என்பது ஏற்பாடு. ஹோர்ஹே பசாத்ரே, லூயிஸ் அல்பெர்த்தோ சான்செஸ் எல்லாம் அந்தக் குழுதான், பின்னாளில் பெருவின் வரலாற்றையும் இலக்கிய வரலாற்றையும் எழுதியவர்கள். பசாத்ரேவுக்கு அப்போது பதினாறு வயது. பொர்ராஸ் எடுத்துக்கொண்ட தலைப்பு லாரிவா என்ற பழைய பாதிரியார், அங்கதக் கவிதை எழுதியவர். நாட்டின் நூற்றாண்டுக்கு ஒருவர் தளபதிகளை விட்டுவிட்டு நக்கல் பிடித்த பாதிரியாரை எடுக்கிறார் என்றால் அந்த ரசனை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம் வேலை. 1926வாக்கில் வெளியுறவு அமைச்சகத்தின் எல்லை ஆவணக் காப்பகத்தில் சேர்ந்தார். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வரலாற்று ஆசிரியருக்கு வெளியுறவுத் துறையில் என்ன வேலை என்று கேட்பீர்கள்.

ஸ்பெயினிடமிருந்து விடுதலை வாங்கிய தென் அமெரிக்க நாடுகள் தங்களுக்குள் ஒரு கொள்கைக்கு வந்தன. 1810இல் ஸ்பெயின் அரசரின் நிர்வாகப் பிரிவுகள் எப்படி இருந்தனவோ அதுதான் இனி நாட்டு எல்லை என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவுகள் பாதி அமேசான் காட்டுக்குள் போகின்றன, அங்கே எந்த அதிகாரி போய் அளந்தார்? அரசரோ முந்நூறு வருஷமாக ஆணை மேல் ஆணை போட்டு, போட்டதை மாற்றி, மாற்றியதை மறந்து வைத்திருக்கிறார். நம்மூரில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் தாத்தா பெயரில் இருக்கும் மூலப்பத்திரத்தைத் தேடி ஓடுவோமே, அதே கதைதான், நிலத்தின் அளவு மட்டும் வேறு. மாய்னாஸ் என்ற அமேசான் பகுதி பெருவுக்குத்தான் என்று சொல்ல 1802ஆம் வருஷத்து அரசாணை ஒன்று இருக்கிறது. ஈக்வடாருடனான தகராறில் அந்த ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாதாடியிருக்கிறார்கள். தெற்கே சிலியுடன் வேறு விதமான சண்டை. 1879இல் தொடங்கிய போரில் தோற்று, 1883 ஒப்பந்தத்தில் ஒரு மாகாணத்தை இழந்து, தாக்னாவும் அரிகாவும் யாருக்கு என்று பத்து வருஷத்தில் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தலாம் என்று எழுதிவைத்து, அந்த வாக்கெடுப்பு நடக்கவே நடக்காமல், 1929இல் தாக்னா பெருவுக்கு, அரிகா சிலிக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பழைய காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு வெளியுறவுத் துறையில் வேலை இருந்ததில் ஆச்சரியமே இல்லை.

இந்த எல்லைக் கதையை அவர் பாடப் புத்தகமாகவும் ஆக்கினார். லிமாவில் ஆங்லோ பெருவானோ என்ற பள்ளியில் வாத்தியாராக இருந்தபோது பையன்களுக்கு வகுப்பில் சொல்லி எழுத வைத்த குறிப்புகள்தான் அந்தப் புத்தகம். முன்பக்கத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்தது என்று போட்டிருக்கும். காலையில் பள்ளிக்கூடம், பிறகு காப்பகம், மாலையில் பல்கலைக்கழகம் என்று ஒரு ஆள் ஓடிக்கொண்டே இருந்த காலம் அது.

சரி, அவருடைய துப்பறியும் வேலைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1534இல் ஸ்பெயினின் செவியா நகரத்தில் பெரு வெற்றியைப் பற்றி இரண்டு சிறு புத்தகங்கள் சில மாத இடைவெளியில் அச்சாகின்றன. ஒன்று பிசாரோவின் எழுத்தர் பிரான்சிஸ்கோ தே ஹெரெஸ் எழுதியது. அந்த இரண்டு சுழிக்கு நடுவில் பெயர் நிரப்பும் உத்தியோகத்தில் இருந்தவர், ஆகவே முதலாளி புகழ் பாடுவதில் குறை வைக்கவில்லை. இன்னொன்று அதற்கு முன்னாலேயே, ஏப்ரலில் வந்துவிட்டது, ஆனால் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியவர் கஹமார்காவில் நேரில் இருந்தவர் என்பது படித்தால் தெரிகிறது. ஹெரெஸ் மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டும் ஆளும் இல்லை. அவரை ‘செவியாவின் பெயர் தெரியாதவர்’ என்றே குறிப்பிட்டு வந்தார்கள்.

பொர்ராஸ் 1930களில் ஐரோப்பாவில் இருந்தார். மாட்ரிட்டில் தூதரகப் பணி, பிறகு ஜெனிவாவில் சர்வதேச சங்கத்தில் (ஐ.நா.வுக்கு முன் இருந்த அமைப்பு) பெருவின் பிரதிநிதி. கிடைத்த ஓய்வையெல்லாம் நூலகங்களில் செலவழித்தார். 1937இல் பாரிஸில் வெளியிட்ட நூலில், அந்தப் பெயரில்லாதவர் கிறிஸ்தோபால் தே மேனா என்ற படைத்தலைவர் என்று வாதிட்டு நிறுவினார். இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த ஆளைக் காட்டிக்கொடுக்கும் ஒரு வரி எதிராளி ஹெரெஸின் புத்தகத்திலேயே கிடக்கிறது. பெருவின் தங்கத்தோடு முதல் கப்பல் 1533 டிசம்பர் 5ஆம் தேதி செவியா வந்து சேர்ந்தது, அதில் வந்தவர் மேனா, அவர் தன் பங்காகக் கொண்டுவந்தது எட்டாயிரம் பொன் என்று கணக்குப்பிள்ளை மாதிரி எழுதிவைத்திருக்கிறார் ஹெரெஸ். முதலில் வந்து இறங்கியவர் முதலில் அச்சுக்கும் கொடுத்துவிட்டார். பெயர்தான் போடவில்லை. ஏன் போடவில்லை? பிசாரோ உயிரோடு இருக்கும்போது அவரை ஏற்றிப் பேசாத புத்தகத்தில் பெயர் போடாமல் இருப்பது உடம்புக்கு நல்லது என்று மேனா நினைத்திருக்கலாம். இது என் ஊகம், பொர்ராஸ் தலையில் கட்ட வேண்டாம்.

பெரு என்ற பெயரின் கதையும் அப்படித்தான். ஸ்பானியர்கள் கரையில் ஒரு மீனவனைப் பிடித்து இது எந்த ஊர் என்று கேட்டார்களாம், அவன் பாஷை புரியாமல் தன் பெயரையும் ஆற்றுக்கான சொல்லையும் உளறினானாம், இவர்கள் அதையே நாட்டுக்கு வைத்துவிட்டார்களாம். கங்காரு கதை மாதிரியே இல்லை? வெள்ளைக்காரன் போன இடத்திலெல்லாம் இப்படி ஒரு கதை முளைத்துவிடும். பொர்ராஸ் ஆரம்பகால ஆவணங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: பனாமாவுக்குக் கிழக்கே பிரூ என்று ஒரு குறுநிலத் தலைவன் இருந்தான், பாஸ்குவால் தே அந்தகோயா என்ற ஸ்பானியர் 1522இல் அங்கே போனார், அதிலிருந்து தெற்கே தெரியாத பூமி முழுவதையும் பனாமாவில் இருந்த சிப்பாய்கள் ‘பிரூ பக்கம்’ என்று சொல்லிச் சொல்லி அதுவே பெரு ஆகிவிட்டது. இன்காக்கள் தங்கள் நாட்டைத் தவாந்தின்சூயு என்றுதான் அழைத்தார்கள். பெரு என்ற சொல் அவர்கள் காதிலேயே விழுந்திருக்காது.

மீனவன் கதையை எழுதிவைத்தவர் யார் தெரியுமா? கார்சிலாசோ தே லா வேகா. பொர்ராஸின் அடுத்த பெரிய வேட்டை அவர்தான்.

கார்சிலாசோ 1539இல் குஸ்கோவில் பிறந்தவர். அம்மா இன்கா அரச குலத்துப் பெண், அப்பா ஸ்பானியப் படைத்தலைவர். இருபது இருபத்தொரு வயதில் ஸ்பெயினுக்குப் போனார், திரும்பி வரவே இல்லை. அப்பா அரசருக்குச் செய்த சேவைக்கு மானியம் கேட்டு மாட்ரிட்டில் மனுப் போட்டார். ஓர் அதிகாரி நிராகரித்தார். காரணம், அவருடைய அப்பா ஹுவாரினா போரில் கலகக்காரன் கொன்சாலோ பிசாரோவுக்கு (நம்ம பிசாரோவின் தம்பி) தன் குதிரையைக் கொடுத்து உயிர் தப்ப வைத்தார் என்று வரலாற்றுப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறதே, இனி நீ சொன்னால் யார் நம்புவார்கள் என்றாராம். அச்சான ஒரு வரியால் மகனின் பிழைப்பு போயிற்று. பிற்காலத்தில் அவரே வரலாறு எழுத உட்கார்ந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? இன்காக்களைப் பற்றிய அவருடைய பெரிய நூல் 1609இல் லிஸ்பனில் வெளிவந்தது.

இதற்கு இடைப்பட்ட காலத்தில் அவர் எங்கே இருந்தார் என்பது ரொம்ப காலம் மங்கலாகவே இருந்தது. கோர்தோபா நகரத்தில் என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். பொர்ராஸ் 1948இல் ஸ்பெயினுக்குத் தூதராகப் போனார். போனவர் கோர்தோபாவுக்குத் தெற்கே மொந்தியா என்ற சின்ன ஊருக்குள் நுழைந்து, அந்த ஊர்க் கோவிலின் ஞானஸ்நானப் பதிவேடு, நோட்டரி வைத்திருந்த பழைய பத்திரங்கள் எல்லாவற்றையும் புரட்டினார். கொட்டியது. வரி கட்டியது, குதிரை விற்றது வாங்கியது, கடன், ஊர்க் குழந்தைகளுக்கு ஞானத்தந்தையாக நின்றது. 1561இலிருந்து சுமார் முப்பது வருஷம் கார்சிலாசோ வாழ்ந்தது அந்த ஊரில்தான். அவருடைய வீடு எது என்பதும் தெரிந்தது. இதையெல்லாம் 1955இல் பொர்ராஸ் புத்தகமாகப் போட்டார்.

அந்த ஊர்ப் பதிவேட்டில் ஒரு விஷயம் இருக்கிறது, நான் அதைப் படித்த அன்று இரவு வீட்டில் எல்லோருக்கும் சொல்லி அறுத்தேன். கார்சிலாசோவுக்குப் பிறந்தபோது வைத்த பெயர் அது இல்லை. கோமேஸ் சுவாரேஸ் தே ஃபிகெரோவா என்பதுதான் அசல் பெயர். 1563 நவம்பரில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தில் அவர் பெயர் ‘கோமேஸ் சுவாரேஸ் தே லா வேகா’ என்று பதிவாகியிருக்கிறது. கடைசி வால் மட்டும் மாறியிருக்கிறது. அதே மாதத்தில் சில நாள் கழித்து இன்னொரு குழந்தை, இன்னொரு பதிவு. அதில் ‘கார்சிலாசோ தே லா வேகா’. அப்பாவின் பெயர். எந்த அப்பாவைத் துரோகி என்று சொல்லி மனுவைத் தள்ளினார்களோ அந்த அப்பாவின் பெயரை முழுசாக எடுத்துச் சூட்டிக்கொண்டுவிட்டார். ஒரு வாடிக்கையாளர் இப்படி வந்து நின்றால் நாங்கள் அபிடவிட் கேட்டிருப்போம், செய்தித்தாள் விளம்பரம் கேட்டிருப்போம்.

பொர்ராஸை மெச்சிக்கொண்டே போகிறேன், ஒரு இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. குவாமான் போமா விஷயம். இவர் இன்கா காலத்துக்குப் பிந்தைய தலைமுறைப் பூர்வகுடி. சுமார் 1200 பக்கத்துக்கு ஸ்பெயின் அரசருக்கு ஒரு கடிதம் எழுதினார், நடுநடுவே நானூறு படங்கள். காலனி ஆட்சியில் நடந்த அடி உதை, பாதிரிகளின் அட்டூழியம், வரி, வயல் வேலை, இன்கா அரசர்களின் உடை வரை எல்லாம் அதில் இருக்கிறது. எப்படியோ கோபன்ஹேகன் அரச நூலகத்தில் போய்க் கிடந்த அதை 1908இல்தான் கண்டுபிடித்தார்கள், 1936இல் பாரிஸில் அப்படியே படி எடுத்து வெளியிட்டார்கள். பொர்ராஸ் 1948இல் அவரைப் பற்றி எழுதியபோது, குழப்பமான ஆள், ஸ்பானிஷ் சரியில்லை, வரலாற்றுச் சான்றாக நம்ப முடியாது என்கிற தோரணையில் ஒதுக்கிவிட்டார். நூற்றுக்கணக்கான ஸ்பானிய எழுத்தர்களின் கோணல் கையெழுத்தைப் பொறுமையாகப் படித்த மனிதருக்கு இந்த ஒருவரிடம் பொறுமை இல்லாமல் போய்விட்டது. அவர் பார்வை ஸ்பெயின் பக்கம் சாய்ந்த பார்வைதான். பிசாரோவைப் பெருவை உருவாக்கிய தகப்பன் மாதிரிப் பார்த்தவர். இன்றைக்குக் குவாமான் போமாவின் அந்தக் கையெழுத்துப் பிரதி யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலில் இருக்கிறது. பெரு வரலாற்றை எழுதும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. தவறு செய்தார் என்றுதான் சொல்வேன், காலம் அப்படி என்று சப்பைக்கட்டுக் கட்டத் தோன்றவில்லை.

இப்போது பொர்ராஸின் மிராஃப்ளோரெஸ் வீடு. லிமாவில் கடலை ஒட்டிய பகுதி, கோலினா தெருவில் வீடு. யோசா இங்கேதான் கதைக்குள் வருகிறார். சான் மார்கோஸில் முதலாண்டு மாணவராகச் சேர்ந்து, பொர்ராஸின் ‘பெரு வரலாற்று மூலங்கள்’ வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார். பேராசிரியர் குட்டை, தொப்பை வேறு. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டால் வேறு துறை மாணவர்கள்கூட வந்து நின்று கேட்பார்களாம். இலக்கியத்தை விட்டுவிட்டு வரலாற்றுக்கே போய்விடலாமா என்று தனக்கு ஆசை வந்துவிட்டது என்று யோசா எழுதியிருக்கிறார்.

1954இல் பொர்ராஸ் அந்தப் பையனைத் தன் வீட்டுக்கு உதவியாளாக அழைத்துக்கொண்டார். மதியம் வர வேண்டும், பழைய வரலாற்று நூல்களைப் படிக்க வேண்டும், ஸ்பானியர்கள் தென் அமெரிக்காவில் தேடி அலைந்த கற்பனை ஊர்களைப் பற்றி, எல் தொராதோ, பைதிதி, பெண்கள் மட்டும் வாழும் அமேசான் நாடு, எங்கே என்ன எழுதியிருக்கிறது என்று அட்டைகளில் குறிப்பெடுக்க வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் பாப்லோ மசேரா, கார்லோஸ் அரானிபார் போன்றவர்கள், இருவருமே பின்னாளில் பெரிய வரலாற்று ஆசிரியர்கள். மசேரா போன்றவர்கள் குருவின் பார்வைக்கு நேரெதிர்த் திசையில் போனார்கள் என்பது வேறு விஷயம். பத்தொன்பது வயதுவரை ஒரு எழுத்தாளன் எதைப் படிக்கிறான் என்பது முக்கியம் என்றால், யோசா படித்தது இதைத்தான், சம்பளத்தோடு.

1955இல் அந்தப் பையன் தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணை வீட்டுக்குச் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு, சாப்பாட்டுக்கு வழியில்லாமல் நிற்கிறான். பொர்ராஸ் அறிவுரை எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை. வேலை தேடிக் கொடுத்தார். பணக்காரர்களின் கிளப் ஒன்றில் நூலக உதவியாளர் வேலை. அது போதவில்லை என்று இன்னொரு வேலை: லிமாவின் பழைய கல்லறைத் தோட்டத்தில் பதிவேடுகள் தொலைந்துபோன பகுதிகள் இருந்தன, அங்கே போய்க் கல்லில் இருக்கும் பெயர்களைப் படித்துப் படித்து அட்டை போட வேண்டும். கூலி தலைக்கு இவ்வளவு. செத்தவர்கள் தலைக்கு! பிற்காலத்தில் 2010இல் நோபல் பரிசு வாங்கிய கை, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைப் பூஞ்சையைத் துடைத்துப் பெயர் எழுதிக்கொண்டிருந்தது.

இந்த அட்டைகள் பொர்ராஸிடம் ஆயிரக்கணக்கில் இருந்தன. பிசாரோ பற்றிப் பெரிய வாழ்க்கை வரலாறு எழுதப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எழுதி முடிக்கவே இல்லை. ஒரு காகிதம் கிடைத்தால் அது இன்னொரு காகிதத்தைச் சொல்லும், அதைத் தேடிப் போக வேண்டும். அதற்குள் 1956இல் செனட் உறுப்பினர் ஆகிவிட்டார், பிறகு செனட் தலைவர், 1958இல் மனுவேல் ப்ராதோவின் அரசில் வெளியுறவு அமைச்சர். தாத்தா உட்கார்ந்த நாற்காலி. ஆசை இருந்திருக்கும், மறுக்க முடியுமா? மாணவர்களுக்கு வருத்தம்தான். உடம்பும் ஒத்துழைக்கவில்லை, இதயம் பலவீனமாகிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் 1960 வருகிறது.

கியூபாவில் புரட்சி நடந்து ஒன்றரை வருஷம். காஸ்ட்ரோ சோவியத் பக்கம் சாய்கிறார், ஜூலையில் அமெரிக்கா கியூபாவின் சர்க்கரையை வாங்குவதை வெட்டுகிறது, குருஷ்சேவ் எங்களிடம் ஏவுகணை இருக்கிறது என்று மிரட்டுகிறார். உடனே அமெரிக்க நாடுகள் அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் எல்லோரும் கூடிப் பேச வேண்டும் என்று கோரிக்கை வைக்கிறது ஒரு நாடு. எந்த நாடு? பெரு. ப்ராதோவின் அரசு, பிரதமர் பெத்ரோ பெல்த்ரான், இருவருக்கும் கியூபாவைக் கண்டால் ஆகாது. வெளியுறவு அமைச்சர் நம்ம வாத்தியார்.

ஆகஸ்ட் கடைசியில் கோஸ்தாரிகாவின் சான் ஹோசேயில் கூட்டம். கண்டத்துக்கு வெளியே இருக்கும் சக்திகளின் தலையீட்டைக் கண்டித்துத் தீர்மானம் தயாராகிறது. கியூபா என்ற பெயர் அதில் எங்கும் இல்லை, ஆனால் யாரைச் சொல்கிறது என்று குழந்தைக்கும் தெரியும். கியூபாவின் ராவுல் ரோவா தன் குழுவோடு எழுந்து வெளியே போகிறார். பொர்ராஸ் எழுந்து பேசுகிறார். அவருடைய அரசு எதிர்பார்த்த பேச்சு அது இல்லை. ஒரு நாட்டைத் தனியே ஒதுக்கித் தண்டிக்கிற மாதிரி செய்யாதீர்கள், சமரசத்துக்கு வழி தேடுங்கள் என்பது அதன் சாரம். தீர்மானத்தில் கையெழுத்துப் போடவில்லை. வெனிசுவேலாவின் அமைச்சர் அர்காயாவும் போடவில்லை. பெருவின் சார்பில் வேறொரு பிரதிநிதி போட்டார்.

நான் இந்த இடத்தில் நிறைய நேரம் நின்றுவிட்டேன். இவர் இடதுசாரி இல்லை. காஸ்ட்ரோவுக்கும் இவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. பிசாரோவைப் போற்றியவர், பழைய லிமாவின் பாலத்தையும் பூங்காவையும் பற்றி உருகி உருகி எழுதியவர், பழமைவாதி என்றே சொல்லலாம். அமைச்சர் பதவியில் இருக்கும் ஒருவர் தன் அரசே கூட்டிய கூட்டத்தில் தன் அரசுக்குத் தேவையான காகிதத்தில் கையெழுத்துப் போடாமல் திரும்பி வருகிறார். ஒப்புக்கு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கலாம், அமைச்சர்கள் தினமும் செய்வதுதான். வாழ்க்கை முழுக்க நாலு நூற்றாண்டுக்கு முந்தைய காகிதத்தில் யார் கையெழுத்து இருக்கிறது, யாருடையது இல்லை, ஏன் இல்லை என்று பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, இந்தக் காகிதத்தையும் ஒருநாள் யாராவது எடுத்துப் பார்ப்பார்கள் என்று தோன்றியிருக்குமா? தோன்றாமல் இருந்திருக்காது என்று ஒரு பழைய வங்கி எழுத்தர் நினைக்கிறேன், அவ்வளவுதான்.

லிமா திரும்பினார், பதவியை விட்டார். 1960 செப்டம்பர் 27, கோலினா தெரு வீட்டில் இறந்துபோனார். அறுபத்து மூன்று வயது. கூட்டம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. புத்தகங்கள் எல்லாம் தேசிய நூலகத்துக்குப் போயின. 1943 தீ விபத்தில் எரிந்து மறுபடி எழும்பிய நூலகம் அது. வீடு இப்போது அவர் பெயரில் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனமாக இருக்கிறது.

பிசாரோ புத்தகம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். முடிக்காமல் விட்டதையெல்லாம் மாணவர்கள் தேடிச் சேர்த்து 1978இல் வெளியிட்டார்கள். அதற்கு ஒரு வருஷம் முன்பு லிமா தேவாலயத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. 1541இல் வெட்டிக் கொல்லப்பட்ட பிசாரோவின் உடல் என்று ஒரு பதப்பட்ட சடலத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து 1891இலிருந்து காட்டிக்கொண்டிருந்தார்கள். 1977இல் நிலவறையில் வேலை செய்த ஆட்கள் சுவருக்குள்ளிருந்து ஒரு ஈயப்பெட்டியை எடுத்தார்கள். உள்ளே ஒரு மண்டை ஓடு. அப்புறம் நிபுணர்கள் எலும்புகளைச் சோதித்து, வாள் வெட்டுகளை எண்ணிப் பார்த்து, இதுதான் நிஜமான பிசாரோ, இத்தனை வருஷம் எல்லோரும் கும்பிட்டது வேறு யாரையோ என்றார்கள். பொர்ராஸ் எத்தனை தடவை அந்தக் கண்ணாடிப் பெட்டி முன்னால் போய் நின்றிருப்பாரோ!

அந்த ஈயப்பெட்டியின் மேல், பெருவைக் கண்டுபிடித்து வென்ற மார்க்கீஸ் பிரான்சிஸ்கோ பிசாரோவின் தலை இது என்று வெட்டியிருந்தது. அப்போதும் வேறு யாரோதான் அவர் பெயரை எழுதியிருந்தார்கள்.